சீர்த்தட்டில் போன சாக்ஸபோன்

போன வாரம் புது லேப்டாப் வாங்கப் போயிருந்தேன். விற்பனைக்கு நின்ற பெண் அதன் பெருமைகளை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கிற பாவனையில் அதைத் தூக்கி இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் முன்பக்கமும் பார்த்தேன்.

“கீறல் எதுவும் இருக்காது மேடம். இன்னிக்குதான் பெட்டியே பிரிச்சோம்.”

“கீறல் இல்லம்மா. சிடி போடற எடம் எங்க இருக்கு?”

லேப்டாப்பில் ஆட்டுக்கல் வைக்க இடம் கேட்டதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். “அதெல்லாம் வர்றது நின்னு ரொம்ப நாளாச்சே மேடம். சிடில என்னா கேப்பீங்க?”

“ஜாஸ்” என்றேன். கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொன்னால் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்; இருபது வயதில் பிடித்த பழக்கம். அவளுக்கு முதுகில் ஒரு மாற்றமும் இல்லை. தவணைத் திட்டத்தைச் சொல்லப் போய்விட்டாள்.

ஜாஸ் என்றால் மற்றவர்களுக்கு என்ன நினைவுக்கு வருமோ தெரியாது. எனக்கு வருவது சோப்பு வாசனை.

இரண்டாயிரத்து நான்கில் அண்ணாமலை நகரில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்தேன். எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பா ஐஸ் பேக்டரியில் கட்டி இழுக்கிறவர். அம்மா எறா உரிக்கிற ஷெட்டுக்குப் போகிறவர். அண்ணன் வேல்முருகன் பள்ளிக்கூடத்தின் காம்பவுண்டுச் சுவரில் இருந்த ஓட்டைகளை நன்றாகப் படித்தவன். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே என் தலைக்கு மேல் எப்போதும் ஒரு கண்ணுக்குத் தெரியாத கிரீடம் இருக்கும். அதைச் சுமந்துகொண்டுதான் ஹாஸ்டலுக்குள் நுழைந்தேன்.

அறைத்தோழி ஷமீமா பரங்கிப்பேட்டைக்காரி. அவளுடைய அண்ணன், அவள் வழக்கில் காக்கா, சிங்கப்பூரில் ஒரு பாட்டுக்கடையின் கிடங்கில் வேலை பார்த்தார். வருடத்துக்கு இரண்டு முறை நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி வீட்டுக்கு வரும். சோப்பு, பவுடர், தலைவலித் தைலம், போர்வை, டார்ச் லைட். சோப்புகளுக்கு இடையில் சந்து விழுந்தால் ஆடுமே, அந்தச் சந்துகளில் சிடிகளைச் செருகி அனுப்புவார். கடையில் விற்காமல் தேங்கியவற்றை வேலை செய்கிறவர்களுக்குச் சல்லிசாகக் கொடுத்துவிடுவார்களாம். சோப்புக்கும் தைலத்துக்கும் வீட்டில் அடிதடி நடக்கும். சிடிகளை மட்டும் யாரும் சீண்டமாட்டார்கள். அவளுடைய உம்மா அவற்றின்மேல் டீ கிளாஸ் வைக்க ஆரம்பித்ததும் ஷமீமா ஹாஸ்டலுக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

முதல் சிடியை அவளுடைய டிஸ்க்மேனில் போட்டோம். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன். ஒருவர் எதையோ ஊதினார். ஒருவர் பியானோவில் அங்கே ஒன்று, இங்கே ஒன்று தட்டினார். ட்ரம்ஸ்காரர் தூசி தட்டுவதுபோல் உரசிக்கொண்டிருந்தார். சுருதி சேர்க்கிறார்கள், கச்சேரி இனிமேல்தான் தொடங்கும் என்று நாங்கள் மரியாதையாகக் காத்திருந்தோம். சிடி நின்றுவிட்டது.

“கச்சேரி முடிஞ்சிருச்சாடி?” என்றாள் ஷமீமா.

“அதான் கச்சேரி போலருக்கு.”

அவள் அன்றோடு தலைமுழுகினாள். நான் விடவில்லை. புரியாத ஒன்றைப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள என் கிரீடம் இடம் கொடுக்கவில்லை. உள்ளே செருகியிருந்த சிறு புத்தகத்தை எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிப்பதைவிட ஊன்றிப் படித்தேன். யார் ஊதியது, யார் அடித்தது, அன்றைக்கு ஸ்டூடியோவில் என்ன நடந்தது எல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டுக் கேட்டால் ஏதோ கொஞ்சம் திறக்கிறாற்போல் இருந்தது. பத்தாவது தடவை கேட்கும்போது, ஊதுகிறவர் ஒரு கேள்வி கேட்பதும் பியானோக்காரர் பதில் தெரிந்தும் சொல்லாமல் இழுத்தடிப்பதும் காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

அவை எல்லாம் மறுபதிப்புகள். ஐம்பது அறுபதுகளில் இசைத்தட்டாக வந்தவற்றைத் துடைத்து, துலக்கி, சிடியில் மறுபடி போட்டவை. மறுபதிப்பு என்றால் அன்றைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பதிவுகளையும் கடைசியில் இலவச இணைப்பாகச் சேர்த்துவிடுவார்கள். ஒரே பாட்டு மூன்று தடவை வரும். லீவுக்கு வீட்டுக்கு வந்து போட்டபோது அம்மா கேட்டார்: “ஏன்டி, இப்பதானே இத வாசிச்சான்?”

“இது வேற தடவ வாசிச்சதும்மா.”

“மொத தடவ தப்பாயிடுச்சா?”

“இல்ல, அதுதான் சரி.”

“அப்ப எதுக்கு மறுபடி எழுதறான் பரிச்ச?”

அரியரைப் பற்றி அம்மாவுக்கு என் மூலமாகத்தான் தெரியும். அதனால் நான் மேற்கொண்டு விளக்கவில்லை.

ஐந்து வருடம், பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் முடிகிறவரை, சோப்புப் பெட்டிகள் வந்தன. எனக்கு இன்னது வேண்டும் என்று சொல்லும் தைரியம்கூட வந்துவிட்டது. ஷமீமா போனில் கேட்பாள்: “காக்கா, கருப்புக் கண்ணாடி போட்டவரு ஒருத்தரு இருப்பாராமே, அவரு இருந்தா பாருங்க.” காக்காவின் அலுத்த குரல் எனக்கே கேட்கும்: “எல்லாவனும் கருப்புக் கண்ணாடிதாம்மா போட்ருக்கான்.” புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஊரைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு வெள்ளைக்காரரின் சிடிகள் செருப்புக்கும் கடிகாரப் பட்டைக்கும் நடுவில் கிடைத்தன. அதில்தான் எனக்கு எலக்ட்ரிக் பியானோவும் ராக் ட்ரம்ஸும் சேர்ந்த பியூஷன் கிடைத்தது. ஆர்கன் வைத்து வாசிக்கும் சோல் ஜாஸும் அப்படி வந்ததுதான். ரைஸ்மில் மோட்டார் தாளத்தோடு ஓடினால் எப்படியோ அப்படி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருந்தது. ஜப்பான்காரர்கள் செய்த மறுபதிப்பு. அதன் அட்டையைச் சுற்றி ஜப்பானிய எழுத்துள்ள ஒரு காகிதப் பட்டை வரும். சேகரிக்கிறவர்களுக்கு அந்தப் பட்டை உயிர். அது போனால் பாதி மதிப்பு போயிற்று. நானும் ஷமீமாவும் அதற்கு ஒட்டியாணம் என்று பெயர் வைத்திருந்தோம். காக்கா அனுப்பியதிலேயே ஒட்டியாணத்தோடு வந்தது அது ஒன்றுதான். கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன். சொந்தச் சம்பளத்தில் நல்ல பிளேயர் வாங்கி, அதில் முதலில் இதைத்தான் கேட்பது என்று சபதம். மற்ற சிடிகளுக்கும் கண்ணாடித்தாளை ஓரத்தில் மட்டும் கீறி, உறைபோல் கழற்றி மாட்டுவேன். சந்தையில் வாங்கியவற்றுக்கும் கண்ணாடித்தாள் தேடி மாட்டியிருந்தேன். பார்த்தால் பத்தும் புதுசு மாதிரியே இருக்கும். அந்தச் சுத்தம்தான் எனக்கு வினையாக வந்தது.

படிப்பு முடிந்து குடிகாடு பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் பரிசோதனைக்கூட வேலை கிடைத்தது. அப்பா தெருவில் போகிறவர்களை நிறுத்தி “பொண்ணு எம்மெஸ்சி, டெஸ்ட் பண்றா” என்பார். என்ன டெஸ்ட் என்று அவரும் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை. வேலைக்குப் போன மறு வருடம் அண்ணனுக்குப் பெண் பார்த்தார்கள். அவன் மினி வேன் ஓட்டி அண்ணாமலை நகர் ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். அங்கே டீக்கடை வைத்திருந்த கலியமூர்த்தியின் மகள் மகேஸ்வரி. பார்த்தார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அண்ணன் ஒரு வருடமாக அந்தக் கடையில் தேவைக்கு மேல் டீ குடித்துக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீடு வரிசைத் தட்டு கொண்டுபோக வேண்டும். பழம், பூ, இனிப்பு, புடவை, வளையல் என்று ஆளுக்கொரு தட்டு ஏந்தி மேளத்தோடு நுழைவது. எத்தனை தட்டு என்பது குடும்பத்தின் நீள அகலத்தைக் காட்டும். எத்தனையானாலும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. தட்டில் வைத்தது பெண்ணுக்குச் சேர்ந்தது. அது திரும்பி வந்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம்.

அன்று எனக்குக் காலை ஷிப்ட். வேலை முடித்து, கம்பெனி வாசலிலேயே சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்து, பஸ்ஸிலேயே பூ வைத்துக்கொண்டு நேரே மண்டபத்தில் போய் இறங்கினேன். வாசலில் தட்டுகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. மாம்பழத் தட்டு. லட்டுத் தட்டு. சோப்பு, சீப்பு, பவுடர் தட்டு. கடைசியாக என் அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு தட்டை மிகவும் கவனமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அதில் என் சிடிகள்.

கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தது. சுற்றிலும் ரோஜா இதழ். உச்சியில் ஒட்டியாணம் கட்டிய ஜப்பான்காரி. புதுச் சாமான் எதுவானாலும் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் படி தாண்டாது. ஆகவே வேறொரு சிடியின் அட்டைப்படத்தில் கண்ணை மூடி சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்த மனிதருக்கு நெற்றி நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆர்கன்காரருக்கும் அப்படியே. பியூஷன் சிடியில் ஆளே இல்லை, வெறும் மலையும் நிலாவும்தான், நிலாவுக்கு வைத்திருந்தார்கள்.

ஓடிப்போய் அம்மாவின் முழங்கையைப் பிடித்தேன்.

“அம்மா, அது என்துமா!”

“தெரியும். பல்ல காட்டிக்கினு நில்லு, போட்டோ புடிக்கறாங்க.”

“எதுக்குமா எடுத்த?”

“எண்ணிப் பாத்தா பதினாறு வந்து நிக்கிதுடி. ரெட்டப்படையா போறதா? கௌம்பற நேரம். பீரோவத் தொறந்தா உன்து பளபளன்னு பிரிக்காம இருக்குது.”

“இன்னொரு தேங்காத் தட்டு வச்சிருக்கக் கூடாதா?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஊட்லயே ஒசத்தியானது அதுதானேடி? நான் எறா நாத்தம் படக்கூடாதுன்னு எலுமிச்சம்பழம் தேச்சிக் கைய கழுவிட்டு எடுத்தன். தேங்காயும் அதுவும் ஒண்ணா?”

நான் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

உள்ளே பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி தட்டை எட்டிப் பார்த்து, “என்னா சிடி இது? சாமி பாட்டா?” என்று கேட்டாள். அத்தை கொஞ்சமும் தயங்கவில்லை. “ஆமா, பாரின் சாமி.” கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தட்டு மேடையேறியது. மகேஸ்வரி குனிந்து வாங்கிக்கொண்டாள். என் ஐந்து வருடச் சேமிப்பு சம்பந்தி வீட்டுச் சொத்தாகிவிட்டது. சம்பந்தம் முறிந்தால்தான் திரும்பி வரும். அண்ணனோ மேடையில் உலகத்தையே வாங்கியவன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்குள் ஒரு கணம் வந்துபோன நினைப்பை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆறுதல், கல்யாணமாகி அண்ணி வரும்போது அவையும் கூடவே வந்துவிடும். நான்கு மாதம்தானே. அந்த வீட்டில் யார் அதைத் தொடப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் ஷமீமா போன் செய்தாள். அவள் அண்ணாமலை நகரிலேயே எம்.பில். சேர்ந்திருந்தாள்.

“ஏன்டி, டீக்கடைல உன் ஆளு ஊதறாருடி.”

“எந்த ஆளு?”

“பொட்டு வச்ச ஆளு. உங்க சம்பந்தி கல்லாமேல அட்டையச் சாச்சி வச்சிருக்காரு. பக்கத்துல ஊதுவத்தி வேற.”

விசாரித்தால் விஷயம் இதுதான். மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்ததைப் போட்டுக் கேட்காமல் இருந்தால் அவமரியாதை என்று கலியமூர்த்தி மாமா நினைத்துவிட்டார். காலையில் பக்திப் பாட்டு முடிந்ததும் கடை ஸ்பீக்கரில் என் ஜாஸ். பால் பொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் சிடி பிளேயர். எனக்கு இரவும் பகலும் அதே நினைப்பாகிவிட்டது. பாலாடை படிந்த கை, சர்க்கரை ஒட்டிய விரல். இதில் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, கீறல் விழுமே என்ற கவலையைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. கடலூர் மாவட்டத்திலேயே எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்று நான் பொத்திவைத்திருந்ததை, புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காதவர்கள் வடையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வார லீவில் கிளம்பிவிட்டேன். கேட்டு வாங்குவது எப்படி என்று தெரியாது. போனால் ஏதாவது தோன்றும். ஷமீமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நாலைந்து மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் ஆர்கன் மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி மாமா டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார், தாளத்துக்குச் சரியாக.

என்னைப் பார்த்ததும் டீ தாளம் தப்பித் தரையில் விழுந்தது. மாப்பிள்ளையின் தங்கை நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: இன்னும் ஏதோ கேட்கப்போகிறார்கள்.

“வாம்மா… வாம்மா. இங்க நிக்காத, ஊட்டுக்கு வா.”

“இல்ல மாமா, சும்மா இந்தப் பக்கம்…”

“சும்மாவா?” என்றார் இன்னும் கலங்கி. அடுப்பை அணைத்து, மாணவர்களிடமிருந்து குடித்துக்கொண்டிருந்த கிளாஸையே பிடுங்கிவிட்டார். போகிற வழியெல்லாம் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி பேசிக்கொண்டு வந்தார். “உங்க பாட்டுதாம்மா தெனமும் ஓடுது. அந்த ஊதறவரப் போட்டா பசங்க ரெண்டாவது டீ சொல்றானுங்க. பாட்டு எப்ப முடியும்னு தெரியாம உக்காந்துட்றானுங்க.”

வீட்டில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஃபேனைத் திருப்பிவிட்டார்கள். கலர் சோடா வந்தது. அதைத் தொடர்ந்து மிக்சர், மிக்சரைத் தொடர்ந்து கேசரி. ஷமீமா எதையும் விடவில்லை. சமையல்கட்டில் பெண்ணின் அம்மா தாழ்ந்த குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

“வண்டி கேக்க வந்திருக்கா. நான் அப்பவே சொல்லல? படிச்ச நாத்தனாரு ஊட்ல குடுக்காதன்னு.”

“வாய மூடு. அது கேசரி துன்னட்டும், அப்பறம் பேசுவம்.”

நான் கேசரியைக் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் மகேஸ்வரி வந்தாள். கையில் என் சிடிகள், கடையில் இருந்தவற்றையும் எடுத்து வந்து ஒரு துண்டில் சுற்றி. பிரித்து என் முன்னால் வைத்தாள். பொட்டெல்லாம் அப்படியே இருந்தது. ஒட்டியாணம் கட்டியது பிரிக்காமலே இருந்தது.

“இத மட்டும் அப்பாகிட்ட குடுக்கல. எனக்குன்னு வச்சிருக்கேன்” என்றாள். பிறகு குரலைத் தணித்து, “இதெல்லாம் உங்களுதுதானே?”

“எப்படித் தெரியும்?”

“நிச்சயத்தன்னிக்கி எல்லாரும் என்னப் பாத்தாங்க. நீங்க மட்டும் தட்டையே பாத்துக்கினு இருந்தீங்க. என் மூஞ்சி உங்களுக்கு ஞாபகம் இருந்துதா, இல்லியான்னே எனக்கு சந்தேகம்.”

ஷமீமாவுக்கு மிக்சர் புரையேறியது.

“கேளுங்க, குடுத்துடறேன்” என்றாள் மகேஸ்வரி. “அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

பாருங்கள், கையை நீட்டினால் போதும். ஆனால் கதவோரம் அவளுடைய அம்மா நிற்பது தெரிந்தது. தட்டுச் சாமானைத் திரும்ப வாங்கிப் போன எம்மெஸ்சி என்று அண்ணாமலை நகர் முழுக்கப் பேசுவார்கள். தலையில் கிரீடம் அழுத்தியது. “சேச்சே” என்றேன் கம்பீரமாக. “தட்டுல வச்சது வச்சதுதான்.”

நான் எதிர்பார்த்தது, அவள் இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவாள், நான் வேறு வழியில்லாமல் வாங்கிக்கொள்வேன் என்று. எங்கள் பக்கத்தில் அப்படித்தானே வழக்கம், ஒரு தட்டு சோற்றுக்கே மூன்று தடவை வேண்டாம் சொல்கிறவர்கள் நாம்.

“அப்ப சரி” என்றாள் மகேஸ்வரி. துண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவளுடைய அம்மா தைரியத்தைத் திரட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “எதுவா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லிடும்மா. எங்களால முடிஞ்சத…”

எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும். “அளவு ஜாக்கெட் வாங்கத்தான் அத்தை வந்தேன். முகூர்த்தப் புடவைக்குத் தைக்கணும்ல.”

அந்த வீட்டில் அப்போது எழுந்த பெருமூச்சில் காலண்டர் ஆடியது. கலியமூர்த்தி மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கலர் வாங்க ஓடினார். சிடி வாங்கப் போனவள் மஞ்சள்பையில் ஒரு பச்சை ஜாக்கெட்டோடு பஸ் ஏறினேன். வீட்டில் அம்மா அதை விரித்துப் பார்த்து, “அளவு ஜாக்கெட்டு அன்னிக்கே வாங்கியாந்துட்டனே, இது எதுக்குடி ரெண்டாவது?” என்றார். “சைஸ் மாறியிருக்கும்ல” என்றேன். “பத்து நாள்லயா?” என்று அம்மா கேட்டதை நான் காதில் வாங்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அண்ணி வந்தாள், அவளுடைய பீரோ வந்தது, பீரோவுக்குள் என் சிடிகள் வந்தன. பீரோவுக்குச் சாவி இருந்தது. சாவி அண்ணியின் இடுப்பில் இருந்தது. நான் வாங்கி வைத்திருந்த புதுப் பிளேயர் என் அறையில் இருந்தது. அவளிடம் சரக்கு, என்னிடம் மிஷின். இந்த நிலையில் இரண்டு நாடுகள் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் எங்கள் வீட்டில் நடந்தது.

“அண்ணி, ஊதறவரக் குடுங்க.”

“நேத்து எடுத்த மோட்டார திருப்பி வை எம்மெஸ்சி, தரேன்.” அவள் என்னை எம்மெஸ்சி என்றுதான் கூப்பிடுவாள். ஆர்கன் சிடிக்கு எங்கள் வீட்டில் மோட்டார் என்றே பெயராகியிருந்தது.

“அது என்து அண்ணி.”

“தட்டுல வச்சது வச்சதுதான். யாரோ படிச்சவங்க சொன்னாங்க.”

டீக்கடையில் நான்கு மாதம் கேட்டதில் அவளுக்குக் காது நன்றாகப் பழகியிருந்தது. எனக்கு சாக்ஸபோன் உயர்த்தி, அவளுக்கு ஆர்கன் உயர்த்தி. ஊதறவர் ரொம்ப யோசிக்கிறார், அதற்குள் சோறு குழைந்துவிடும் என்பாள். நீங்கள் புத்தகத்தைப் படிக்கவில்லை, அதனால் அப்படித் தோன்றுகிறது என்பேன். “பாட்டக் கேக்கறதுக்கு ஆன்சர் நோட்டு எதுக்கு?” என்பாள். சண்டை முற்றினால் வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுவிடும். நடுவில் அண்ணன்தான் தூது.

“உன் தங்கச்சிகிட்ட சொல்லு, எடுத்த சிடிய ஒறைல போட்டு வைக்கணும்னு.”

“ஏ, உறைல போடணுமாம்.”

“காதுல விழுந்துது. ஈரக்கையோட தொடக்கூடாதுன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு.”

“நான் தண்ணி கேன் போட்டுட்டு வரேன்” என்று அவன் ஓடிவிடுவான். அவனைப்போல் அந்த வருடம் யாரும் உழைத்திருக்கமாட்டார்கள்.

ஒட்டியாணம் கட்டியதைப் பிரிப்பது யார் என்பதில் இரண்டு மாதம் இழுபறி. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் என் அறைத் தரையில் உட்கார்ந்தோம். அவள் பட்டையைக் கசங்காமல் பிடித்துக்கொள்ள, நான் ஊக்கால் கண்ணாடித்தாளைக் கீறினேன். அம்மா கதவருகே நின்று சாமி வாசல் திறப்பதுபோல் பார்த்தார். போட்டோம். மூன்று பாட்டு நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் அதே மூன்று பாட்டின் அரியர்கள். இரண்டாவது அரியரில் அண்ணி தூங்கிவிட்டாள். அண்ணன் எட்டிப் பார்த்து, “இதுக்காடி ரெண்டு பேரும்?” என்றான். அன்றைக்குத்தான் முதல்முறையாக நானும் அவளும் ஒரே பக்கம் நின்று அவனைத் திட்டினோம்.

இரண்டாயிரத்துப் பதினொன்று முடிகிற நேரத்தில் அந்தப் புயல் வந்தது. கடலூரில் அப்போது இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பின்கட்டுத் தகரக் கூரை பக்கத்துத் தெருவில் போய்ப் படுத்துக்கொண்டது. அண்ணியின் பீரோ இரவெல்லாம் மழையில் நின்றது. மறுநாள் அவள் சிடிகளை ஒவ்வொன்றாகக் குழாயடியில் அலசி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். புத்தகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிட்டன. ஒட்டியாணத்தைத் தேடினோம், கிடைக்கவில்லை. சாந்துபோல் ஏதோ ஒன்றை அவள் விரலில் எடுத்துக் காட்டினாள். கரண்டு வந்து போட்டுப் பார்த்தால் பாதி பாடின, பாதி விக்கின. விக்காதவை யாருக்கு என்று அப்போதும் ஒரு சண்டை நடந்தது; நிவாரணம் எழுத வந்தவர் நடுவில் மாட்டிக்கொண்டார்.

அடுத்த வருடம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். காக்கா வேலை பார்த்த பாட்டுக்கடையையும் அதே சமயம் மூடிவிட்டார்கள். அவர் பரங்கிப்பேட்டைக்கே திரும்பி வந்து செருப்புக்கடை வைத்துவிட்டார். கலியமூர்த்தி மாமாவின் டீக்கடை சாலையை அகலப்படுத்தியபோது போயிற்று. இப்போது அந்த இடத்தில் நின்றால் நடுரோட்டில் நிற்கிறோம். பிளேயர் ரிப்பேரானபோது சரி செய்ய ஆளில்லை. மிச்சமிருந்த சிடிகள் அண்ணி வீடு மாற்றியபோது எங்கே போயின என்று அவளுக்கும் தெரியவில்லை. நானும் துருவிக் கேட்கவில்லை, எல்லாம்தான் போனில் வந்துவிட்டதே. லேப்டாப் கடையில் சிடி போடும் இடத்தைத் தேடியதுகூட வெறும் பழக்கம்தான். அந்த மூன்று பாட்டும் இருக்கின்றன, அரியர்கள் உட்பட. ஊதறவர் மொத்தமாக இருக்கிறார். மோட்டார் எத்தனை வேண்டுமோ அத்தனை. அவளிடமும் போன் இருக்கிறது, என்னிடமும் போன் இருக்கிறது. ஒருவரிடம் ஒருவர் கேட்டு வாங்க ஒன்றுமில்லை.

மூன்று மாதம் முன்பு, அவளுக்குப் பிடித்த ஆர்கன்காரரின் ஆல்பம் ஒன்று, அவள் கேட்டேயிராதது, மறுபதிப்பாக வந்திருந்தது. கண்ணில் பட்டதும் அண்ணிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கூடவே, உங்கள் மோட்டார் இந்தத் தடவை ரொம்ப யோசிக்கிறது என்று ஒரு வரி போட்டேன். சும்மா, வம்புக்குத்தான். பதிலுக்கு ஏதாவது கிடைக்கும் என்று அன்று முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம் பதில் வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல்.